ஒரு மரணத்தோடு முடியாதவை

தலைவனைக் கொன்றால் பயங்கரவாதம் முடிந்துவிடும் என்பது இலங்கையில் பலரின் அசையாத நம்பிக்கை. கொழும்பை அடுத்த நுகேகொடையில் வாழ்பவர்களாவது அதை ஏற்குமுன் 2007 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதம் 2ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த விமானத் தாக்குதலில் விடுதலைப் புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் சு.ப. தமிழ்ச்செல்வன் கொல்லப்பட்டார். 28ஆம் திகதி மாலை நுகேகொடையில் ஒரு துணிக்கடை வாசலில் குண்டு வெடித்து, 15 பேருக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். சமாதானப் பேச்சுகளில் புலிகள் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் இல்லாமற்போனார். குண்டு வைக்கும் கைகள் அப்படியே இருந்தன.

புலிகளின் தலைவர் பிரபாகரன் இறந்த பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் புலிகளின் குண்டு வெடிக்கவில்லையே என்பார்கள். உண்மைதான்; அந்த நிம்மதியை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் நிகழ்வுகளின் வரிசையைப் பாருங்கள். 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா புலிகளிலிருந்து பிரிந்தார். 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வீழ்ந்தன. மே மாதம் எஞ்சியது ஒரு கடற்கரைத் துண்டும், அதில் சிக்கி ஆயிரக்கணக்கில் மடிந்த மக்களும்தான். இயக்கத்தின் போர்வலிமை தீர்ந்த பிறகே தலைவர் இறந்தார். நந்திக்கடலில் காட்டப்பட்ட உடல் அந்தத் தோல்வியின் அடையாளம், அதன் காரணமல்ல.

ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டதும் அந்த இயக்கத்தின் கிளர்ச்சி அடங்கியதே என்று இன்னொரு வாதம் வரலாம். அவரோடு தெற்கின் இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. இயக்கமோ அழியவில்லை. 1994இல் தேர்தலுக்கு வந்தது. 2024இல் அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். துப்பாக்கியை விட்டு வாக்குப் பெட்டிக்கு அது வந்தது, வரக்கூடிய வழி திறந்திருந்ததால்தான்.

அதே வழி வடக்கு கிழக்குக்கு முழுதாகத் திறக்கப்பட்டதா? 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் பிரபாகரனோடு புதைக்கப்படவில்லை. அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் அது முஸ்லிம்கள் மீதும் பாய்ந்தது. வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் அமர்ந்தார்கள்; பதில் கேட்டுக்கொண்டே சிலர் இறந்தும் போனார்கள். ஆண்டுதோறும் மே 19இல் வெற்றியை நினைவுகூரும் அரசு, அந்தத் தாய்மாருக்குப் பதில் சொல்லட்டும். அந்தச் சட்டத்தை நீக்கட்டும். அந்தத் தேர்தலை நடத்தட்டும். எந்தத் தலைவனின் மரணமும் இவற்றைச் செய்து தராது.