அலமாரியின் இருளில் ஒரு சிறுவன்

அடியாத மாடு படியாது என்னும் பழமொழி நம் இல்லங்களில் இன்னும் வழக்கொழியவில்லை. அந்த அடி இறைவனின் பெயரால் விழும்போது பிள்ளையின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது? சுவீடன் நாட்டுத் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மனின் வாழ்வு இதற்கு ஒரு விடை தருகிறது.

1918-ஆம் ஆண்டு உப்சலா நகரில் பிறந்த அவருடைய தந்தை எரிக் பெர்க்மன், லூத்தரன் சபைப் போதகர். மக்கள் மதித்த நல்ல பிரசங்கியார். வீட்டிலோ பாவமும், பாவ அறிக்கையும், தண்டனையும், மன்னிப்பும் அன்றாடச் சட்டங்கள். கம்பளத்தின் தூசி தட்டும் பிரம்பால் அடி விழும். அடி முடிந்தபின் தந்தையின் கையை முத்தமிட்டு மன்னிப்புப் பெறவேண்டும். சில வேளைகளில் இருண்ட அலமாரிக்குள் அடைத்துவிடுவார்கள். கால்விரலைக் கடிக்கும் உயிர் ஒன்று அங்கே இருக்கிறதென்று வேறு சொல்லியிருந்தார்கள்! சிறுவன் ஒரு கைவிளக்கை அங்கே ஒளித்துவைத்து, அதன் வண்ண ஒளியைச் சுவரில் பாய்ச்சித் தன் அச்சத்தை ஆற்றிக்கொண்டான். இவையெல்லாம் 1987-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் உள்ளவை. அந்நூலில் கற்பனையும் கலந்துள்ளது என்பாரும் உண்டு. ஆயினும் அச்சம் கற்பனையன்று என்பதற்கு அவருடைய படங்களே சான்று.

1982-இல் வெளியான 'ஃபேன்னியும் அலெக்ஸாண்டரும்' படத்தில், மாற்றாந்தந்தையாக வரும் ஆயர் சிறுவனைப் பிரம்பால் அடித்துப் பரணில் பூட்டுகிறார். தாம் அன்பினாலேயே தண்டிப்பதாக அவர் மெய்யாகவே நம்புகிறார். நம்மை அஞ்சவைப்பது அந்த நம்பிக்கைதான். அவர் தீயில் மாண்ட பின்னரும் அவருடைய ஆவி சிறுவனை விடுவதில்லை.

எனினும் தந்தை கொடுத்தது அச்சம் மட்டுமன்று. பிரசங்கம் செய்யச் செல்லும் சிற்றூர்க் கோவில்களுக்கு மகனையும் அழைத்துச் செல்வார். பிரசங்கம் நீளும்போது (அது எங்கும் நீள்வதுதானே!) சிறுவனின் கண்கள் விதானத்தில் தீட்டப்பட்ட பழைய ஓவியங்களில் அலையும். 15-ஆம் நூற்றாண்டில் ஆல்பெர்ட்டுஸ் பிக்டர் என்பவர் தெபி ஊர்க் கோவிலில் வரைந்த ஓவியத்தில், சாவு ஒரு மனிதனோடு சதுரங்கம் ஆடுகிறது. 1957-இல் பெர்க்மன் எடுத்த 'ஏழாம் முத்திரை' படத்தில், சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வீரன் கொள்ளைநோய் பரவிய நாட்டில் சாவோடு சதுரங்கம் ஆடுகிறான். இறைவன் ஏன் மௌனமாயிருக்கிறார் என்று கேட்கிறான். பின்னாளில் நம்பிக்கையை இழந்ததாகக் கூறிய இக்கலைஞரின் அப்படத்தை, 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் காண்கிறோம். கேள்வியைக் கண்டு திருச்சபை அஞ்சவில்லை என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

பெர்க்மன் கூறும் மற்றொரு நிகழ்ச்சி. நம்பிக்கை தளர்ந்த போதகர் ஒருவரைப் பற்றிய படத்துக்காக, முதிய தந்தையுடன் சிற்றூர்க் கோவில்களைச் சுற்றிப் பார்த்து வந்தார். ஒரு ஞாயிறன்று, வந்திருந்தவர்கள் மிகச் சிலர். போதகர் உடல்நலமில்லையென்று கூறி, திருவிருந்தை விட்டுவிட்டு வழிபாட்டைச் சுருக்கப் பார்த்தார். தந்தை எழுந்து உள்ளே சென்று அவரிடம் பேசினார். பின்பு தாமே துணைநின்றார். வழிபாடு குறைவின்றி நடந்தது. மகன் தன் படத்துக்கு முடிவைக் கண்டுகொண்டார். 1963-இல் வெளியான 'குளிர்கால ஒளி' படத்தின் இறுதியில், ஏறத்தாழ வெறுமையான கோவிலில், நம்பிக்கை தளர்ந்த அப்போதகர் பீடத்தின்முன் நின்று வழிபாட்டைத் தொடங்குகிறார்.