சராசரி என்னும் திரை

இலங்கையின் சுகாதாரச் சாதனைகளைப் புகழாத சர்வதேச அறிக்கை அரிது. அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படும் கணக்கில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வைத்தியசாலைப் பதிவேடு தன் வாசலை மிதித்தவரை மாத்திரமே அறியும். வராதவரை அறிய வேண்டுமாயின் வீடு தேடிச் செல்ல வேண்டும். தாயை விசாரித்து, பிள்ளையை நிறுத்து, உயரத்தை அளந்து எழுத வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் குடிசன சுகாதார அளவீட்டின் பயன் இதுவே.

அந்த வீடு தேடிய பயணம் எங்கே நின்றது? 1987, 1993, 2000 ஆகிய மூன்று அளவீடுகளிலும் வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. 2006/07 இல் கிழக்கு சேர்ந்தது; வடக்கு வெளியிலேயே நின்றது. 25 மாவட்டங்களும் ஒருசேர அளக்கப்பட்டது 2016 இலேயே.

'போர் நடந்த மண்ணில் எவ்வாறு கணக்கெடுப்பது?' என்பர். நியாயமான கேள்வி. கணக்கெடுக்க முடியாமற்போனது குற்றமன்று. எடுக்காத கணக்குக்குத் 'தேசிய சராசரி' என்று பெயர் சூட்டியதே குற்றம். விடுபட்ட மாகாணங்கள் அடிக்குறிப்பில் ஒதுங்கின. மேடைகளிலும் தலையங்கங்களிலும் அந்த அடிக்குறிப்பும் உதிர்ந்துபோயிற்று. இடப்பெயர்வும் மருந்துத் தட்டுப்பாடும் எங்கே மிகுந்திருந்தனவோ, அவ்விடங்களை நீக்கிவிட்டு நாட்டின் நலத்தைக் கூறுவது, நோயாளரை வெளியே நிறுத்திவிட்டு ஊரே சுகமென்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கணக்கில் இருந்தவருக்காவது நீதி கிடைத்ததா? மலையகத்தைப் பாருங்கள். 2016 அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். பெருந்தோட்டத் துறையிலோ ஏறக்குறைய 32 வீதம். தோட்டத்துப் பிள்ளைகளுள் மூவரில் ஒருவரது குறை, 17 என்ற சாதுவான எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. வடக்கு கிழக்கை மறைத்தது கணக்கில் இல்லாமை. மலையகத்தை மறைப்பது கணக்கின் சராசரி.

அதே 17 வீதமே 2006/07 இலும் பதிவாயிற்று. பத்தாண்டுகளில் அசையவில்லை என்று சொல்வதற்கும் தயங்க வேண்டியுள்ளது. ஏனெனில், முன்னையதில் வடக்கு இல்லை.

புள்ளிவிபரம் வெறும் எழுத்தன்று. மருத்துவமாதும் சத்துணவும் நிதியும் அதன் வழியே செல்கின்றன. ஆகவே நாம் கேட்பவை மூன்று. விடுபட்ட பிரதேசத்தின் பெயர், சராசரியைச் சொல்லும் அதே வாக்கியத்தில் இடம்பெற வேண்டும். மாவட்ட, துறைவாரி எண்களின்றிச் சராசரி தனித்து வெளிவரக் கூடாது. முல்லைத்தீவு, மன்னார் போன்ற சிறு மாவட்டங்களில், நம்பத்தக்க முடிவு கிடைக்குமளவுக்கு வீடுகள் தெரிவுசெய்யப்பட வேண்டும்.

இவற்றைச் செய்த பின்னர் சாதனையைப் பாடுங்கள். நாமும் சேர்ந்து பாடுவோம். அதுவரை, 'இதில் நாங்கள் இருக்கின்றோமா?' என்று ஒவ்வொரு தேசிய எண்ணையும் பார்த்துக் கேட்டுக்கொண்டேயிருப்போம்.