கட்டடக்காரரின் ஓய்வு நாள்

மனை வாங்கப் புகுவோர் பத்திரம், வில்லங்கச் சான்று, பாதை, தண்ணீர் ஆகியவற்றை விசாரிப்பர். திருச்சானூர்ப் பக்கத்திலும் ரேணிகுண்டாச் சாலையிலும் மனை தேடும் நம்மவர் இவற்றுள் ஒன்றையும் விடலாகாது. ஆயினும் நமக்கு இன்னொரு வினாவும் தோன்றுவதுண்டு: ஐயா, வேலை ஒழிந்த வேளையில் தாங்கள் செய்வது யாது?

அமெரிக்காவில் ஸ்டீபன் ராஸ் என்னும் பெருங்கட்டட முதலாளி, 2009இல் மயாமி டால்பின்ஸ் என்னும் கால்பந்துக் குழுவின் பெரும்பங்கைத் தமதாக்கிக் கொண்டார். அந்நாட்டுக் கால்பந்தில் காலுக்கு வேலை சொற்பமே. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவர். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேறாவிடில் பந்து எதிரிக்குப் போய்விடும். வேறு சில செல்வருக்கோ இத்தாலியச் சமையலில் மோகம். நம் சேமியாவுக்குத் தாயாதியான மாக்ரோனியின் பெருமையை அவர்கள் பேசக் கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் நகைப்பர். அது நிற்க.

நம் பக்கத்தில் இவ்வினாவுக்கு ஏற்ற மனிதர் சென்னை நம்பெருமாள் செட்டியார். திருப்பதியிலிருந்து சென்னை சென்ட்ரலில் இறங்கி வெளியே வருவோர் அருகே காணும் செந்நிறக் கட்டடமாகிய விக்டோரியா பொது மண்டபம் அவர் ஒப்பந்தமெடுத்துக் கட்டியது. சட்டக் கல்லூரி, எழும்பூர்க் கலைக்கூடம் எனப் பட்டியல் நீளும். சேத்துப்பட்டுப் பகுதியில் தொண்ணூற்றொன்பது வீடுகள் அவருக்கு இருந்தனவென்றும், நூறாவது ஆகாதென்று நிறுத்திக் கொண்டாரென்றும் சொல்வர். மோட்டார் வண்டி சென்னைக்குப் புதுமையாயிருந்த நாளில் அதை வைத்திருந்த இந்தியருள் அவரும் ஒருவர்.

நம்மைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு வியப்பளிப்பது வேறொன்று. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்க அவர் தமக்கென நான்கு பெட்டி கொண்ட தனி வண்டியில் செல்வாராம். அவர் பிறந்ததும் 1856இல். இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியதும் அவ்வாண்டே. நான்கு பெட்டிதானே என்று எண்ணற்க. வண்டி சிறிதாயினும் எஞ்சினும் கார்டும் வேண்டும். மெயில் வண்டிக்குக் கேட்பதைப் போலவே அடுத்த நிலையத்தில் லைன் கிளியர் கேட்டாக வேண்டும். அமாவாசையன்று குளத்தில் வெல்லம் கரைக்கச் செல்லும் ஏழை எளியவர் மூன்றாம் வகுப்பில் நெருக்குண்டு செல்ல, செட்டியார் தனி வண்டியில் செல்வதை நாம் புகழ்வதற்கில்லை. ஆயினும் அந்த ஆடம்பரம் சென்று நின்ற இடம் பெருமாள் சந்நிதி என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது சேத்துப்பட்டு வீடுகளின் கதை. 1919இல் கணிதமேதை இராமானுஜன் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பினார். அயலூரில் உடல் நலிந்து ஊர் திரும்புவோரின் நிலை, பிழைப்பைத் தேடி வந்த நம் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதன்று. வேலைக்குப் போகும்போது வழியனுப்பக் கூடும் கூட்டம், படுக்கையில் திரும்பும்போது கூடுவதில்லை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்த அவருக்குச் செட்டியார் தம் வீட்டைத் தந்தார். முதலில் தங்கிய வீட்டின் பெயர் ‘கிரைனண்ட்’. அழுகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் தலையிலிருப்பது அபசகுனமென்று கருதி, அருகிலிருந்த ‘கோமேட்ரா’ என்னும் வீட்டுக்கு மாறினர் என்பர். கணக்கையே தெய்வமாகக் கொண்டவர் வீட்டிலும் சகுனம் பார்த்தனர். நம் இல்லங்களில் பார்ப்பதை ஏன் குறை கூற வேண்டும்?

1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டாம் வயதில், அவ்வீட்டிலேயே அவர் மறைந்தார். நோயின் கடைசி மாதங்களிலும் எழுதுவதை விடவில்லை. அந்தக் கையெழுத்துத் தாள்கள் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சேர்ந்து, டிரினிட்டிக் கல்லூரி நூலகப் பெட்டியில் பேச்சின்றிக் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார்.