விளம்பரம் தருகிறவன் ஊர்ச் செய்தி

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் கொல்லிமலை. செம்மேட்டில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு வல்வில் ஓரி விழா நடத்தும்போது கீழேயிருந்து உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் வருவார்கள். மந்திரி, மலர்க் கண்காட்சி, ஓரி சிலை. அத்தோடு மலைச் செய்தி முடிந்தது. மிளகும் காப்பியும் விளைவிக்கிற மலையாளிப் பழங்குடி சனங்கள் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு நடப்பது செய்தியாவதில்லை. எனக்குத் தெரிந்த மலை வீடுகளில் இருப்பது டிஷ். கீழ்நாட்டுக் கேபிள் அதில் தெரியாது. பார்க்காத சனத்துக்கு எந்த நகைக்கடைக்காரன் விளம்பரம் கொடுப்பான்?

உள்ளூர்ச் செய்தியைச் சேவை என்கிறார்கள். அது சரக்கு. அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி செய்தியால் வருவதாக அங்குள்ள கணிப்புகள் சொல்லியிருக்கின்றன. இங்கே பெரிய சேனல்களுக்கு பார்க் என்ற அமைப்பு நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கிறது. அதை வைத்துத்தான் பத்து நொடிக்கு இவ்வளவு என்று பேரம். மும்பை டிஆர்பி மோசடிப் புகாருக்குப் பிறகு 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் மறுபடி தந்தார்கள்.

உள்ளூர்க் கேபிளுக்கு மீட்டர் ஏது? "நேத்து உங்க கும்பாபிஷேகத்த டிவியில பாத்தேங்க" என்று கடைத்தெருவில் நாலுபேர் சொன்னால் அதுதான் ரேட்டிங். விளம்பரம் தருகிறவன் வீட்டு விசேஷம் செய்தி. செய்தி பார்க்க உட்கார்ந்தவனுக்கு அவன் கடை விளம்பரம். முன்பு நான் கீழே வேலை பார்த்த கிளையில் இப்படியொரு சேனலின் செக்குகளை வாங்கிப் போட்டிருக்கிறேன். யார் கணக்கென்று சொல்லக்கூடாது. லாரி பாடி கட்டுகிறவர், கோழித் தீவனக்காரர், தனியார் பள்ளிக்கூடம். சேரியிலிருந்து ஒரு செக் வந்ததில்லை.

அடிவாரத்து ஊர் ஒன்றில் எங்கள் சனத்தின் சுடுகாட்டுப் பாதையை முள்வேலி போட்டு அடைத்தபோது அதே சேனலுக்கு நான்தான் போன் செய்தேன். பையன் ஒருத்தன் வந்தான். பாடையை ஓடைத் தண்ணியில் இறக்கித் தூக்கிப் போனதையெல்லாம் படம் பிடித்தான். ராத்திரி சேரியே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. வரவில்லை. மறுநாள் கேட்டால், "அண்ணே, வேலி போட்டவரோட மச்சான்தாண்ணே நமக்கு மாச விளம்பரம். மொதலாளி வேணாம்னுட்டார்." அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, அவனும் நம்ம பையன்தான். வேலைக்கு ஆள் எடுப்பார்கள், முடிவெடுக்கிற நாற்காலிக்கு எடுக்கமாட்டார்கள். ஆக்ஸ்பாம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் ஊடகத் தலைமைப் பதவிகள் 121-ஐ எண்ணினார்கள். 106 உயர்சாதி, தலித்தும் பழங்குடியும் பூஜ்யம்.

பணம் போடுகிறவன் சொல்வதுதான் செய்தி என்றால், நாமும் பணம் போடுகிறவர்கள்தான் தோழர்களே! அரசு விளம்பரம் நம் வரிப்பணம். 2007-இல் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனம் பொதுச்சொத்து. சேரிச் செய்தியும் மலைச் செய்தியும் போடாத சேனலுக்கு அரசு விளம்பரம் கிடையாது, அரசு கேபிளில் இடமும் கிடையாது என்று நிபந்தனை போடு. அதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சோளக்காடு சந்தைக்கு வாருங்கள், அன்றைக்கு எனக்கு லீவு.