அந்த ‘ஸ்ஸ்ஸ்ஸ்...’ யார் போட்ட சத்தம்?

ரெண்டு மாசப் பாக்கெட் மணியைச் சேர்த்து, போதாததற்கு ரூம்மேட்டிடம் கைமாத்து வாங்கி, ஒரு நல்ல இன்-இயர் இயர்போன் வாங்கியாச்சு. ஹாஸ்டலே தூங்கின பிறகு ஆசையாகக் காதில் சொருகி ப்ளேயரை ஆன் பண்ணினால்... பாட்டு தொடங்குவதற்கு அரை செகண்ட் முன்னாலேயே ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சூடான தோசைக்கல்லில் தண்ணி தெளித்த மாதிரி! பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. நாலைந்து செகண்ட் இழுத்துவிட்டு ‘டிக்’ என்று அடங்கும். பழைய 150 ரூபாய் இயர்போனை அதே ப்ளேயரில் மாட்டினால் சத்தமே இல்லை. அப்புறம் என்ன? “தலையில கட்டிட்டான்டா மச்சி” என்று கடைக்காரரைத் திட்ட ஆரம்பிக்கிறோம்.

கடைக்காரரை விடுங்க பாஸ், பாவம். இந்த மேட்டரில் அவர் அப்பாவி. இயர்போனும் அப்பாவி. சத்தம் போடுவது ப்ளேயர். அதை உங்களிடம் போட்டுக் கொடுத்ததுதான் இயர்போன் செய்த ஒரே குற்றம்.

எந்த ஆம்ப்ளிஃபயரும் நூறு சதவிகிதம் வாயை மூடிக்கொண்டு இருக்காது. கல்யாண வீட்டு மைக்செட்டை நினைத்துப் பாருங்கள். ‘ஹலோ... மைக் டெஸ்டிங்’ வருவதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் மெல்ல இரையும் இல்லையா? மின்சாரம் ஓடும் எந்தப் பொருளிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் சும்மா இருக்காமல் நெளிந்துகொண்டே இருக்கும். அந்த நெளிசல்தான் இரைச்சல். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஜான் ஜான்சன் இதை அளந்து காட்ட, ஹாரி நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் எழுதினார். ரெண்டு பேப்பரும் 1928-ல் வெளிவந்தன. (இ.சி.இ. மக்களே, செமஸ்டரில் உங்களைப் படுத்தியெடுத்த அதே நைக்விஸ்ட்தான்!) இதோடு டிரான்சிஸ்டர்களின் சொந்தச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆக, பாக்கெட்டில் இருக்கும் ப்ளேயரோ போனோ, பாட்டே இல்லாதபோதும் சில மைக்ரோவோல்ட் இரைச்சலை ஒயருக்குள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட். தம்மாத்தூண்டு!

அந்தத் தம்மாத்தூண்டு எப்படிக் காதை வந்து குத்துகிறது? இங்கேதான் கதை.

ஒரு நிஜ கேஸ் எடுத்துக்குவோம். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இருக்கும் கேம்ப்ஃபயர் ஆடியோ கம்பெனி 2016-ல் ‘ஆண்ட்ரோமெடா’ என்று ஓர் இயர்போன் விட்டது. பச்சைக் கலர், காதுக்கு ஐந்து குட்டி டிரைவர்கள். நம்ம பாக்கெட் மணிக்கெல்லாம் கட்டுப்படியாகிற விலை இல்லை. ஆனால், இரைச்சல் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இதன் பேர் வந்து விழும். காரணம், 94 டெசிபல் சத்தம் தர அதற்கு வெறும் 7 மில்லிவோல்ட் போதும். 94 டெசிபல் என்பது தாராளமான சத்தம். அதை எட்ட ஆயிரத்தில் ஏழு பங்கு வோல்ட்!

கணக்குப் போடுங்கள். 7 மில்லிவோல்ட்டுக்கு 94 என்றால், ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 137 டெசிபல் என்று வரும். (நிஜத்தில் யாரும் ஒரு வோல்ட் கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள், இது பேப்பர் கணக்கு.) இப்போது 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள ஒரு ப்ளேயரில் அதை மாட்டுவோம். 10 மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டைவிட 100 டெசிபல் கீழே. 137-ல் நூறைக் கழித்தால் 37. ராத்திரி நேரத்து அமைதியான ரூமே 30 டெசிபல் பக்கம்தான் இருக்கும். அதிலும் இன்-இயர் ரப்பர் காதை நன்றாக அடைத்து வெளிச்சத்தத்தில் 20, 25 டெசிபலைக் குறைத்துவிடுகிறது. கிணத்துக்குள் இருக்கும் அந்த அமைதியில் 37 டெசிபல் ‘ஸ்ஸ்ஸ்’ கேட்காமல் எங்கே போகும்?

அதே ப்ளேயரில் ஒரு பெரிய 300 ஓம் ஹெட்போனை மாட்டுங்கள். ஒரு வோல்ட்டுக்கு 105 டெசிபல் தரும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். இரைச்சல் 5 டெசிபல். சுவரில் நகரும் பல்லி போடுகிற சத்தம்கூட இருக்காது. ப்ளேயர் ஒன்றேதான், இரைச்சலும் ஒன்றேதான். ஒரு ஜோடியில் தலைவலி, இன்னொரு ஜோடியில் நிசப்தம். உங்கள் 150 ரூபாய் இயர்போன் ‘சுத்தமாக’ இருந்ததன் ரகசியமும் இதுதான். அதற்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவே.

இவ்வளவு கூர்மையாக ஏன் செய்கிறார்கள் என்றால், இந்த டிரைவர்களின் பரம்பரை அப்படி. ‘பேலன்ஸ்டு ஆர்மேச்சர்’ என்ற இந்த வகை பல காலம் வாழ்ந்தது காது கேட்கும் கருவிக்குள். பட்டாணி சைஸ் பேட்டரி பல நாள் ஓடணும், கேட்காத காதுக்கும் கேட்கணும். அப்போ ஒவ்வொரு துளி மின்சாரத்தையும் சத்தமாக மாற்றியே ஆகணும். அங்கே வரமாக இருந்த குணம், நம்ம ப்ளேயரில் மாட்டியதும் சாபமாகிவிட்டது.

சரி, உங்கள் இரைச்சல் இந்த ரகம்தானா? வால்யூமை ஜீரோவுக்குக் கொண்டுபோய் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். ‘ஸ்ஸ்’ அப்படியே இருந்தால், ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்திலிருந்து வருகிறது. வால்யூம் என்பது குழாய், ஓட்டை இருப்பதோ குழாய்க்கு அப்புறம். குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டத்தான் செய்யும். வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால், அது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது அல்லது வால்யூமுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. எழுபது, எண்பதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் காந்த நாடாவில் பதிவானவை. நாடாவுக்கே உரிய இரைச்சல் அதில் உண்டு. பாட்டுக்குப் பாட்டு மாறும், பாட்டு முடியும்போது கூடவே மங்கி மறையும். அதற்கு ப்ளேயரைக் குறை சொல்ல முடியாது. எனக்குக் கேட்டால், ராஜா பாட்டில் வரும் அந்த இரைச்சலைக் கழுவித் துடைப்பதே பாவம்.

லேப்டாப்பில் மவுஸை நகர்த்தும்போது ‘கிர்ர்... விர்ர்’ என்றால், அது உள்ளே ஓடும் டிஜிட்டல் சர்க்யூட்டுகளின் கைவரிசை. சார்ஜர் போட்டால் மட்டும் ‘உம்ம்’ என்றால், எர்த் சரியில்லாத ப்ளக் பாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். ஹாஸ்டல்களில் இது சகஜம். ரெண்டும் வேறு வியாதி, வேறு மருந்து.

இப்போது பர்ஸுக்கு ஆபத்தான இடம். இரைச்சல் என்றதும் யாராவது ஒரு ‘ஆடியோ அண்ணன்’ வந்து, “பவர் பத்தலை தம்பி, ஒரு நல்ல ஆம்ப் வாங்கு” என்பார். தயவுசெய்து ஓடிவிடுங்கள். ஏழு மில்லிவோல்ட்டுக்கே கத்துகிற இயர்போனுக்கு எதற்கு பவர்? சக்தி வாய்ந்த ஆம்ப், பெரிய ஹெட்போனுக்காக அதிக கெய்னோடு வரும். அந்த கெய்ன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இருந்ததைவிட மோசமாக வாய்ப்பு அதிகம். இன்னொருவர், “24 பிட் ஃபைல் போட்டுக் கேளு, சத்தம் போயிடும்” என்பார். போகாது. சாதாரண 16 பிட் சி.டி. தரமே கணக்குப்படி 98 டெசிபல் வீச்சு கொண்டது. ஃபைலில் இல்லாத இரைச்சலை ஃபைலை மாற்றி எப்படித் துரத்துவது? வீட்டில் ஒழுகுது என்று பக்கத்து வீட்டுக் கூரையை மாற்றுகிற கதை.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ‘எஸ்.என்.ஆர்.’ நம்பரும் கொஞ்சம் கில்லாடி. இரைச்சலுக்கும் அந்த ஆம்ப் தரக்கூடிய உச்ச சத்தத்துக்கும் இருக்கிற தூரம்தான் அது. ஒரு வோல்ட் தரும் ப்ளேயருக்கு 100 டெசிபல் என்றால் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட். நாலு வோல்ட் தரும் ஆம்ப்புக்கு 112 டெசிபல் என்றாலும் அதே 10 மைக்ரோவோல்ட்தான்! நம்பர் பெரிசாகத் தெரியுது, காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஸ்பெக் ஷீட்டில் ‘அவுட்புட் நாய்ஸ்’ என்று மைக்ரோவோல்ட்டில் தனியாகப் போட்டிருந்தால் அதை மட்டும் பாருங்கள். 2, 3 மைக்ரோவோல்ட் பக்கம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 10-ஐத் தாண்டினால் உங்கள் இயர்போனோடு ஒத்துப்போகுமா என்று யோசிக்கணும். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். பையனும் நல்லவன், பொண்ணும் நல்லவள், பொருத்தம் மட்டும் இல்லை!

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு மலிவான வைத்தியம் உண்டு. எடிமோட்டிக் என்ற அமெரிக்க கம்பெனியின் ‘இ.ஆர்.-4’ இயர்போன் 1991-லேயே வந்தது. பிறகு அதில் 27 ஓம் ‘பி’ மாடல், 100 ஓம் ‘எஸ்’ மாடல் என்று ரெண்டு ரகம். பி-யை எஸ் ஆக்க ஒரு குட்டி ஒயர் விற்றார்கள். அதற்குள் காதுக்கு ஒரு 75 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான் மேஜிக். 27-க்கும் 75-க்கும் நடுவே வோல்ட் பங்கு பிரிய, இயர்போனுக்குக் கிட்டத்தட்ட கால் பங்குதான் கிடைக்கும். பாட்டும் இரைச்சலும் சேர்ந்தே ஏறத்தாழ 11 டெசிபல் இறங்கும். அதனால் என்ன லாபம் என்கிறீர்களா? இப்போது வால்யூமை 11 டெசிபல் ஏற்றுங்கள். பாட்டு பழையபடி வந்துவிடும். இரைச்சல் வராது, ஏனென்றால் அதுதான் வால்யூமுக்குக் கட்டுப்படாத ஜென்மமாச்சே!

சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள் உடனே கிளம்பிவிட வேண்டாம். ஒரே டிரைவர் உள்ள இயர்போனுக்கு இது ஓகே (அதிலும் ட்ரெபிள் கொஞ்சம் தூக்கலாகும்). காதுக்கு நாலைந்து டிரைவர் உள்ளவற்றில் ஓம் கணக்கு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏறி இறங்கும். தொடரில் ரெசிஸ்டர் போட்டால் பேஸ் ஒரு பக்கம், ட்ரெபிள் ஒரு பக்கம் என்று பாட்டின் முகமே மாறிவிடும். அதற்கென்று பக்கவாட்டிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்த அட்டென்யுவேட்டர்கள் இருக்கின்றன. ஐஃபை கம்பெனியின் ‘ஐ.இ.மேட்ச்’ அந்த ரகம். செலவே வேண்டாம் என்பவர்கள், ஒயரில் உருட்டுகிற வால்யூம் கன்ட்ரோல் வைத்த பழைய எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் விடாதீர்கள். ப்ளேயரில் வால்யூமைக் கூட்டி, உருட்டில் குறைத்தால் அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். சிலதில் இடது வலது கொஞ்சம் ஏறுக்குமாறாக இருக்கும், அவ்வளவே.

ப்ளூடூத் பார்ட்டிகளுக்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. ஆம்ப் அந்தக் குட்டி பட்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, நடுவே நுழைய இடமில்லை. வெளிச்சத்தம் கேட்கவிடும் டிரான்ஸ்பரன்சி மோடில் ‘ஸ்ஸ்’ கூடினால் அது உள்ளே இருக்கும் மைக்கின் சொந்த இரைச்சல். மோடை ஆஃப் செய்தால் போய்விடும்.

செய்யவே கூடாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. இரைச்சலை அமுக்க வால்யூமை ஏற்றுவது. உண்மையில் அதற்குத் தேவையே இல்லை. 60, 65 டெசிபலில் பாட்டு ஓடினாலே 30-ல் இருக்கும் இரைச்சல் அதற்கடியில் மறைந்துபோகும். பாட்டின் நடுவே வரும் மவுனத்தில்தான் தலைகாட்டும். ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த தரத்தின்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 92 டெசிபல் வந்தால் வாரம் முழுக்கவே ரெண்டரை மணி நேரம்தான்! காலேஜ் பஸ்ஸில் போய்வருகிற நேரத்தில் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

இயர்போனைக் கழற்றி வைத்த பிறகும் ‘ஸ்ஸ்ஸ்’ அல்லது ‘ஙொய்ங்’ கேட்டால் ஆம்ப், ரெசிஸ்டர் கதையெல்லாம் விட்டுவிடுங்கள். அது காதிரைச்சல். கல்ச்சுரல்ஸில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று ஆடிய ராத்திரி சிலருக்கு வந்து, மறுநாள் போய்விடும். ரெண்டு நாளாகியும் போகவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரென்று ஒரு காது அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால் அந்த ரெண்டு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கடையில் ஏ.சி., ஃபேன், வாசலில் டவுன் பஸ் ஹாரன் இருக்கும்போது இந்த இரைச்சல் கேட்கவே கேட்காது. அதனால்தான் எல்லோரும் இதை வீட்டுக்கு வந்து, ராத்திரி கண்டுபிடிக்கிறார்கள். முடிந்தால் அதே மாடல் வைத்திருக்கும் சீனியரிடம் ஒரு ராத்திரி கடன் வாங்கி உங்கள் சொந்த ப்ளேயரில் மாட்டிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடையில்தான் வாங்கியாகணும் என்றால் கடை திறந்ததும் கூட்டமில்லாத நேரத்தில் போய், சொந்த ப்ளேயரில் மாட்டி, வால்யூமை ஜீரோவில் வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேளுங்கள். பாட்டே இல்லாமல் இயர்போன் டெஸ்ட் பண்ணுகிற ஆளைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்க்கட்டும்!