மனம் மட்டும் போதுமா?



எங்கள் குடிபாலா பக்கம் கால்பந்து ஆட வரும் ஒல்லிப் பையன்களிடம், "உடம்பு தேறட்டும், அப்புறம் வா" என்பவர்கள் உண்டு. "மனசு இருந்தால் போதும்" என்று தட்டிக்கொடுப்பவர்களும் உண்டு. இருவரும் பாதிதான் சொல்கிறார்கள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது இந்தியா. தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்குக்குத் தாய்லாந்துடன் ஆடும்போது தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் ரஹீம் அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்வரிசையில் நிறுத்தினார். இரண்டிலும் அவர் கோல் போட்டார். எதிரணிக்காகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே, அதே தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கினோம். புற்றுநோயோடு போராடிய ரஹீம் மறு ஆண்டே மறைந்தார்.

இது மன உறுதியின் கதைதான். ஆனால் அந்த உறுதிக்குக் கீழே பல ஆண்டுப் பயிற்சியும் கட்டுக்கோப்பும் இருந்தன. உடலே தயாராக இல்லாமல் மனம் மட்டும் ஓடிவிடாது.

இன்னொன்று. தையல் போட்ட தலையோடு ஆடியதை இன்றைய பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டக்கூடாது. தலையில் அடிபட்டவரை வெளியேற்றிக் கூடுதல் மாற்று வீரரை இறக்க இன்றைய விதிகளே இடம் தருகின்றன. தோல்விக்குப் பின் துவளாத மனதை மட்டும் அந்த 1962 அணியிடமிருந்து கற்றுக்கொள்வோம். நம் பள்ளிகளில் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடம் விழுங்காமல் இருந்தால், உடம்பும் மனசும் சேர்ந்தே தேறும்.

- ஒரு வாசகர்,
குடிபாலா, சித்தூர் மாவட்டம்.