படைப்பணி முடித்தோரும் கட்டுமானத் தொழிலும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எல்லைப்புறங்களில் பாலமும் பாதையும் பதுங்குகுழியும் அமைத்துப் பழகிய ஒருவர், படையினின்று விடுபட்டு ஊர் திரும்பியதும், தாமே கட்டத் தெரிந்த ஒரு மாளிகையின் வாசலில் காவல் நிற்பதைத் தவிர வேறு ஜீவனோபாயம் காணாது போவது, அவருடைய குடும்பத்துக்கும் கட்டுமானத் தொழிலுக்கும் ஒருங்கே நேரும் நஷ்டம் என்பது, முன்னாள் படைவீரர்களும் கட்டுமானத் தொழில் புரிவோரும் சேர்ந்து நடத்தும் இச்சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம். காவல் வேலை கௌரவக் குறைவானது என்று நாங்கள் கருதவில்லை. 1986இல் தமிழ்நாடு அரசு நிறுவிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ அவ்வேலையின் மூலமாக எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரியச் செய்திருக்கிறது. ஆயினும் வித்தை கைவந்தவருக்கு அந்த வித்தையே பிழைப்பாக வேண்டும் என்பதுதான் நாங்கள் வற்புறுத்தும் விஷயம்.

1780இல் புனித ஜார்ஜ் கோட்டையைச் சார்ந்து 'மதராஸ் பயனியர்ஸ்' என்ற பெயரில் தோன்றி, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு, தென்னாட்டு இளைஞர்களைத் திரட்டி, துப்பாக்கிப் பயிற்சியோடு தச்சு, கொத்துவேலை, குழாய்ப்பணி, மண்வெட்டும் யந்திரங்களை ஓட்டுதல் முதலிய தொழில்களிலும் தேர்ச்சியுறச் செய்துவருகிறது. 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் மலை சரிந்து சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையிலிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, பெருக்கெடுத்தோடிய ஆற்றின் குறுக்கே 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை இரவு பகல் பாராது இணைத்து, ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலைக்குள் வாகனங்கள் கடக்கும்படி செய்தவர்கள் இப்படையினரே. அன்று அந்த இரும்புச் சட்டங்களைத் தோளில் சுமந்து பொருத்தியவர்களில் ஒருவர் சில ஆண்டுகளில் ஓய்வு பெற்று ஒரு காண்டிராக்டரிடம் வேலை கேட்டுச் சென்றால், "ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட் இருக்கிறதா?" என்பதே அவர் எதிர்கொள்ளும் முதற் கேள்வியாக இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும் தொழிற்பெயரும் தேர்ச்சி நிலையும் சிவில் உலகில் எதற்குச் சமானம் என்பதை அந்தக் காண்டிராக்டரும் அறியார். அதை விளக்கிச் சொல்ல இவரும் அறியார். முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில், பிள்ளைகளின் படிப்புச் செலவு உச்சத்தை எட்டும் தருணத்தில், அவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியவராகிறார்.

பட்டாளத்துக்காரர் கட்டளையிடப் பழகியவர், சைட்டின் சுபாவத்துக்கு ஒத்துவரமாட்டார் என்று தொழில்முனைவோர் சிலர் சொல்லும் ஆக்ஷேபத்தை நாங்கள் புறக்கணிக்கவில்லை. முடிந்த வேலையின் அளவைக் குறிக்கும் எம்.புக் எழுதுவதும், பில் பாஸ் செய்விப்பதும், ஜல்லி லாரி வராத நாளில் ஆட்களை வேறு வேலைக்குத் திருப்புவதும் படையில் பயிலாத பாடங்கள். அவற்றைக் கற்கச் சில மாத காலம் தேவை என்பதை முன்னாள் வீரர்களும் பணிவோடு ஏற்க வேண்டும். ஆனால் இன்று தமிழ்நாட்டுச் சைட்டுகளில் கம்பி கட்டுவோரும் ஷட்டரிங் அடிப்போரும் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களாயிருக்க, மேற்பார்வை செய்யும் எஞ்சினீயருக்கோ மேஸ்திரிக்கோ ஹிந்தி தெரியாமையால், சாரத்தின் மேல் நிற்பவனுக்கு விடுக்கும் எச்சரிக்கைகூடச் சைகையாகவே போய்ச் சேர்கிறது. பல மாநிலத்தாரோடு ஒரே பாரக்கில் உண்டு உறங்கி, அவர்களுடைய பாஷையில் பேசி, இடுப்புப்பட்டை கட்டாதவனை மேலேற விடாத ஒழுங்கைப் பல ஆண்டுகள் அனுசரித்த ஒரு ஹவில்தாரைவிட அந்த இடத்துக்குப் பொருத்தமான சூப்பர்வைசர் யாரும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய 'ஹெல்மெட்ஸ் டு ஹார்ட்ஹாட்ஸ்' என்னும் திட்டம், படையிலிருந்து திரும்புவோரைக் கட்டுமானத் தொழிற்சங்கங்களின் அப்ரண்டிஸ் பயிற்சியில் சேர்த்துவிடுகிறது. பயிலும் காலத்திலேயே கூலி கிடைக்கிறது. படைவீரருக்கு உரிய கல்விச் சலுகையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இதில் எங்கள் கருத்தைக் கவர்ந்தது தொழிற்சங்கங்களின் பங்கு. இங்கும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் கொத்தனாரின் கூலியைக் குறைத்தோ சித்தாளின் இடத்தைப் பறித்தோ முன்னாள் வீரருக்கு வேலை தரும் எந்த ஏற்பாட்டையும் இச்சங்கம் ஆதரிக்காது.

குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் கட்டடவேலைக்கு வரும் பெண் ஆயுள் முழுவதும் கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாளாகவே இருந்துவிடுகிறாள்; கரண்டியைப் பிடிக்க அவளை எவரும் அழைப்பதில்லை. போரில் கணவனை இழந்த வீரநாரியரையும் ஓய்வு பெற்றோரின் மனைவி மக்களையும் அந்தத் தலைச்சுமைக்கே அழைத்துவருவது உதவியாகாது. நில அளவை, வரைபடம், எஸ்டிமேட், ஸ்டோர் கணக்கு, காங்கிரீட் கட்டிகளின் வலிமையைச் சோதிக்கும் பரிசோதனைக்கூட வேலை ஆகியவற்றில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். வேலைத்தலத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும்.

2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்கு ஆண்டுகள் சேவை செய்வோரில், இப்போதைய விதிப்படி, நால்வரில் ஒருவர் வரையில்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவார். மற்றையோர் ஓய்வூதியமின்றி, ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, இருபதுகளின் தொடக்கத்திலேயே வெளியேறுவர். தரைப்படையின் முதல் அணியினர் 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியவர்கள். அவர்கள் ஊர் திரும்புமுன், படையின் தொழில்தேர்ச்சிகளை மாநிலத்தின் தொழிற்சான்றிதழ்களோடு ஒப்பிட்டு அரசு ஒரு பட்டியலை வெளியிட வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் தகுதிச்சீட்டு வழங்க வேண்டும். 1994 முதல் இயங்கிவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யவும் அங்கேயே வழி செய்ய வேண்டும். அந்தச் சீட்டைக் கொண்டுவருவோரைத் தங்கள் சைட்டுகளில் ஆறு மாத காலம் முழுச் சம்பளத்தோடு பழக்கி, தேர்ந்தவரை ஃபோர்மேனாக அமர்த்திக்கொள்ளும் பொறுப்பை எங்கள் சங்கத்தைச் சேர்ந்த காண்டிராக்டர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.